முன்சக்கரம் எழும்பும்போது: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தைப் பற்றியவை. அதை எழுப்ப, அதாவது வீலிங் அடிக்க, ஆசைப்படுபவர்கள் சிலர். தானாக எழும்புகிறதே என்று பயப்படுபவர்கள் சிலர். ஜாக்கி வைத்துத் தூக்கி, வீட்டிலேயே டயரைக் கழற்ற நினைப்பவர்கள் இன்னும் சிலர். 200 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள தெரு பைக்குகளை மனதில் வைத்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என்னிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இருக்கிறது. ஒன்றாம் கியரில் முழுதாக முறுக்கினாலும் முன்சக்கரம் தரையை விட்டு எழவில்லை. நண்பனின் கேடிஎம் 390 டியூக் லேசாக முறுக்கினாலே எழும்புகிறது. என் வண்டியில் ஏதாவது கோளாறா? முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்தால் சரியாகுமா? (ஈரோடு)

பதில்: கோளாறு எதுவும் இல்லை. முன்சக்கரம் எழும்புமா என்பதை முடிவு செய்வது சி.சி. அல்ல. பின்டயர் தரையைத் தள்ளும் விசைக்கும் மொத்த எடைக்கும் உள்ள விகிதம்தான் அதை முடிவு செய்கிறது.

ஆள் உட்கார்ந்திருக்கும்போது எடை மையம் பின்டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஏறக்குறைய 65–70 செ.மீ. முன்னால் இருக்கும். தரையிலிருந்து அதன் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. முன்னால் உள்ள தூரத்தை உயரத்தால் வகுத்தால் சுமார் 1 வரும். அதாவது, பின்டயரின் தள்ளு விசை வண்டியும் ஆளும் சேர்ந்த எடைக்குச் சமமாகும் கட்டத்தில்தான் முன்டயர் தரையை விடும்.

இனி உங்கள் வண்டியின் கணக்கு. பெட்ரோல் இல்லாமல் எடை 202 கிலோ, ஹெல்மெட் ஜாக்கெட்டோடு ஆள் 78 கிலோ என்றால் மொத்தம் 280. எஞ்சினின் உச்ச டார்க் (சுழற்றும் விசை) 52 என்.எம். (நியூட்டன் மீட்டர்). ஒன்றாம் கியரில் பிரைமரி, கியர், செயின் மூன்றும் சேர்ந்து அதைச் சுமார் 13.5 மடங்கு ஆக்குகின்றன. பின்சக்கரத்துக்கு வருவது 700 என்.எம். டயரின் ஆரம் 32 செ.மீ. என்பதால் தரையில் கிடைக்கும் தள்ளு விசை ஏறக்குறைய 223 கிலோ. 280 எங்கே, 223 எங்கே! செயினிலும் பேரிங்குகளிலும் போகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும்.

நண்பரின் பழைய 373 சி.சி. டியூக்கில் டார்க் 37 என்.எம். மட்டும்தான். ஆனால் ஒன்றாம் கியரில் அது பெருகுவது சுமார் 21 மடங்கு. ஆகவே பின்சக்கரத்தில் சுமார் 780 என்.எம். டார்க், தரையில் சுமார் 260 கிலோ தள்ளு விசை. வண்டியும் அவரும் சேர்ந்து 250 கிலோ இருந்தால் கணக்கு எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது. அந்த வண்டி உயரமானது, வீல்பேஸ் (இரு சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 1,357 மி.மீ.தான் (உங்களுடையது 1,400). கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாலே போதும், எழும்பிவிடும்.

ஸ்பிராக்கெட்டை 15 பல்லிலிருந்து 14 ஆக்கினால் 7 சதவீதம் கூடும். 223 என்பது 239 ஆகும், அவ்வளவுதான். சக்கரம் எழாது. ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்போதும் 7 சதவீதம் கூடுதல் சுற்றில் ஓடும். சின்னப் பல்சக்கரத்தில் செயின் அதிகமாக மடங்குவதால் சீக்கிரம் தேயும். இதற்காக அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: 650 போன்ற கனமான வண்டியில் வீலிங் கற்றுக்கொள்ள முறையான வழி என்ன? கிளட்சை விட்டால் எழும்பும் என்கிறார்கள். (கோயம்புத்தூர்)

பதில்: கிளட்ச்சால் எழும்புவது உண்மை. சுற்றும் கிராங்கில் சேர்ந்திருக்கும் ஆற்றல், கிளட்ச் சட்டென்று பிடிக்கும் கணத்தில் எஞ்சினின் டார்க்கோடு கூடிப் பின்சக்கரத்துக்குப் போகிறது. முந்தைய பதிலில் குறைந்த 57 கிலோவை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதுதான் நிரப்புகிறது. ஆனால் கனமான வண்டியில் முதல் பாடம் படிக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. 140 கிலோ வண்டி பின்னால் சாய்ந்தால் உதறிவிட்டு இறங்கி ஓடலாம். 200 கிலோ வண்டி அந்த வாய்ப்பைத் தராது. 150–200 சி.சி. வண்டியில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, வேலி போட்ட தனியார் இடத்தில் தொடங்குங்கள். அதிகாலையில் காலியாக இருக்கும் பைபாஸும் சட்டப்படி பொதுச்சாலைதான். ரேஸ் டிராக்கின் பொதுப் பயிற்சி நாளிலும் பெரும்பாலும் வீலிங்குக்கு அனுமதி இல்லை. இருங்காட்டுக்கோட்டையானாலும் செட்டிப்பாளையமானாலும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியவை: பின் பிரேக் பேடில் 2 மி.மீ.க்குக் குறையாமல் பொருள் இருக்க வேண்டும். பெடலின் உயரத்தை, பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து தூக்காமலேயே பெருவிரல் பக்கம் பெடல் மேல் இருக்கும்படி வைக்க வேண்டும். ஆக்சிலேட்டரில் 2–3 மி.மீ. தளர்வு, கையை எடுத்தால் 'டப்' என்று தானாக மூடிக்கொள்ளும் கேபிள், மேல் கோடு வரை எஞ்சின் ஆயில் ஆகியவையும் தேவை. பின்டயரில் காற்றைக் குறைப்பது ஸ்டண்ட் வண்டிக்காரர்களின் பழக்கம். கனமான தெரு பைக்கில் டயர் ஓரத்தில் மடங்கி வண்டி ஆடும். கையேட்டில் போட்டிருக்கும் அளவே இருக்கட்டும்.

முதல் பாடம் தூக்குவது அல்ல, இறக்குவது. ஒன்றாம் கியர், 15–20 கி.மீ. வேகம். ஆக்சிலேட்டரை ஒரு கணம் மூடுங்கள், முன் ஃபோர்க் அமுங்கும். அது திரும்பி எழும் நேரத்தில் சீராக முறுக்குங்கள். சின்ன வண்டியில் முன்சக்கரம் ஒரு சாண் எழும்பும். எழும்பிய உடனே பின் பிரேக்கை லேசாக அழுத்துங்கள். மூக்கு கீழே வருவதை உடம்பில் உணர வேண்டும். மூளையைக் கேட்காமல் கால் தானாக இதைச் செய்கிற வரைக்கும் கிளட்ச்சின் பக்கமே போகக் கூடாது. வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

பின் பிரேக் ஏன் இவ்வளவு முக்கியம்? எடை மையம் நேராகப் பின்டயரின் மேலே வந்து நிற்கும் ஒரு கோணம் உண்டு. வண்டியைப் பொறுத்து அது 45 டிகிரியிலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்கும். அதைத் தாண்டினால் ஆக்சிலேட்டரை முழுதாக மூடினாலும் வண்டி தானாகக் கீழே வராது, பின்னால்தான் போகும். அங்கிருந்து திரும்பக் கொண்டுவரக்கூடிய ஒரே கருவி பின் பிரேக். கால் பெடலில் இல்லையென்றால் அந்தக் கருவியும் கையில் இல்லை.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். முன்சக்கரம் காற்றில் மெதுவாகிக்கொண்டிருக்கும்போது பின் பிரேக்கை அழுத்தினால், இரண்டு சக்கரங்களின் வேகக் கணக்கும் குழம்பி, பெடலில் துடிப்பு வந்து பிடிமானம் விட்டு விட்டுக் கிடைக்கலாம். பின் ஏபிஎஸ்ஸைத் தனியாக அணைக்கும் வசதியுள்ள வண்டி பயிற்சிக்கு நல்லது.

அதன் பிறகுதான் கிளட்ச். 20–25 கி.மீ. வேகத்தில் ஒன்றாம் கியர். இரண்டு விரலால் கிளட்சை அது பிடிக்கும் இடத்துக்குச் சற்று அப்பால் வரை மட்டும் இழுங்கள். எஞ்சின் சுற்றைக் கொஞ்சம் ஏற்றி, விரலைச் சட்டென்று விடுங்கள். உயரம் ஒரு முழத்துக்குள் நிற்கட்டும். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்காதீர்கள். வண்டியைத் தூக்குவது எஞ்சின்தான், கை இல்லை. இழுத்தால் ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பி, இறங்கும்போது உதறல் வரும்.

விபத்துகளில் பெரும்பாலானவை மணிக்கட்டில் தொடங்குகின்றன. முன்பக்கம் எழும்பும்போது உடம்பு பின்னால் சரியும், கை நீளும். ஆக்சிலேட்டரை இறுகப் பிடித்திருந்தால், நீளும் கை தன்னை அறியாமல் இன்னும் கொஞ்சம் முறுக்கும். அதனால் வண்டி மேலும் எழும்பும், உடம்பு மேலும் சரியும். இந்தச் சுழல் முடிய அரை நொடி கூட ஆகாது. தடுக்க வழி உண்டு. கிளம்பும் முன்பே ஆக்சிலேட்டரைப் பிடிக்கும்போது முழங்கையைச் சற்று உயர்த்தி, மணிக்கட்டைத் தட்டையாக வைத்துப் பிடியுங்கள். உடம்பை டேங்கில் அழுத்திய முழங்கால்கள் தாங்கட்டும், கைகள் தாங்கக் கூடாது. என்ஜின் அணைக்கும் ஸ்விட்சோடு மணிக்கட்டில் கட்டும் கயிறு பொருத்துவது பயிற்சி வண்டிக்குக் கட்டாயம்.

இரண்டு பிழைகளைப் பார்த்தவுடனே நிறுத்தச் சொல்லுவோம். ஒன்று, பயந்துபோய் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடுவது. முன்பக்கம் தொப்பென்று விழுந்து ஃபோர்க் அடிமட்டம் வரை இறங்கும். இன்னொன்று, சக்கரம் மேலே இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடுவது. சுற்றாத சக்கரம் தரையைத் தொட்டால் அது உடனே வழுக்கும்.

கேள்வி: நண்பன் வீலிங் அடித்த பிறகு வண்டியில் கருகல் வாடை வருகிறது. சக்கரம் மேலே இருக்கும்போது ஆயில் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பயப்பட வேண்டுமா? (திருநெல்வேலி)

பதில்: வேண்டும். வாடை கிளட்ச் பிளேட்டிலிருந்து வருகிறது. வழுக்கி வழுக்கிப் பிடித்த பிளேட்டின் உராய்வுப் பூச்சு கருகி ஆயிலில் கலந்திருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். நாலாம் அல்லது ஐந்தாம் கியரில், 60 கி.மீ. வேகத்தில் முழுதாக முறுக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் செட்டே மாற்றவேண்டும்.

ஆயில் விளக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை. வண்டி நிமிரும்போது அடித்தொட்டியில் உள்ள ஆயில் பின்பக்கம் ஓடிவிடும். பம்ப் உறிஞ்சும் வாய் முன்பக்கமோ நடுவிலோ இருந்தால் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். விளக்கு எரிந்த அந்தச் சில நொடிகள் கிராங்க் பேரிங்கும் கேம் ஷாஃப்ட்டும் ஆயில் அழுத்தமே இல்லாமல் சுற்றியிருக்கின்றன. ஆயில் அளவைப் பாருங்கள். கீழ்க்கோட்டில் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. மேல் கோட்டில் இருந்தும் எரிந்திருந்தால் அந்த வண்டியை அவ்வளவு நேரம், அவ்வளவு கோணத்தில் நிறுத்தக் கூடாது. பின் ஹப்பில் உள்ள ரப்பர்களையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கிளட்சை உதறும் வண்டிகளில் முதலில் கிழிவது அவைதான்.

கேள்வி: கவாஸகி இசட்900. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, டாப் பாக்ஸும் மாட்டிக்கொண்டு ஏற்காடு மலையில் ஏறும்போது, ஒன்றாம், இரண்டாம் கியரில் முன்பக்கம் இலகுவாகிவிடுகிறது. ஒருமுறை கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது தரையை விட்டே எழும்பியது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. (சேலம்)

பதில்: இதுதான் இந்த மாதக் கடிதங்களில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது. எழுப்ப நினைப்பவர் குறைந்தபட்சம் தயாராக இருப்பார். நீங்கள் தயாராக இல்லாதபோது நடக்கிறது, பின்னால் இன்னொரு உயிரும் இருக்கிறது.

948 சி.சி., உச்ச டார்க் 98.6 என்.எம்., எடை 212 கிலோ. ஒற்றை ஆளோடு ஒன்றாம் கியரில் சாதாரணமாகவே எழும்பக்கூடிய வண்டி. பின்னால் 60 கிலோ ஆள் உட்காருவது ஏறக்குறைய பின் ஆக்சிலுக்கு நேர் மேலே. டாப் பாக்ஸ் ஆக்சிலுக்கும் பின்னால். எடை மையம் பின்னால் நகர்ந்து, உயரமும் கூடிவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன விகிதம் 1-லிருந்து 0.8 பக்கம் இறங்கிவிடும். அதோடு மலையேற்றமும் சேர்ந்தால் சாய்வு எடையை இன்னும் பின்னால் தள்ளும். வளைவிலிருந்து வெளியே வந்து முறுக்கும் கணத்தில் இவை எல்லாம் ஒன்றுகூடுகின்றன.

செய்ய வேண்டியவை: டாப் பாக்ஸில் 3–4 கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள், கனமான பொருட்களை டேங்க் பேகுக்கு மாற்றுங்கள். பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தை) இருவருக்கான அளவுக்கு ஏற்றுங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன்பக்கம் தானாக நிமிரும். பவர் மோடைக் குறைந்த நிலைக்கும், டிராக்ஷன் கன்ட்ரோலை (பின்சக்கரம் வழுக்கினால் பவரைக் குறைக்கும் அமைப்பை) அதிகம் தலையிடும் நிலைக்கும் வையுங்கள். கொண்டை ஊசியை இரண்டாம் கியரில் எடுங்கள். ஒன்றாம் கியரில் வெளியே வந்தால் சின்ன அசைவும் பெரிய தள்ளாகிவிடும். மனைவி உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் ஒட்டி உட்காரட்டும். பின் கம்பியைப் பிடித்துச் சாய்ந்தால் எடை இன்னும் பின்னால் போகும்.

எழும்பியே விட்டால்: சட்டென்று மூடாதீர்கள். ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்துங்கள், பின் பிரேக்கை லேசாகத் தொடுங்கள், ஹேண்டில்பாரை நேராக, ஆனால் இறுக்காமல் பிடியுங்கள். இறங்கிய உடன் ஹேண்டில்பார் ஆடினால் அதை அடக்கப் போராடாதீர்கள். இறுகிய கை ஆட்டத்தைக் கூட்டும்.

டிராக்ஷன் கன்ட்ரோல் இருக்கிறதே என்று முழுதாக நம்பவும் வேண்டாம். எளிய வகை, முன் பின் சக்கரங்களின் வேகத்தை மட்டும் ஒப்பிடும். முன்சக்கரம் காற்றில் மெதுவான பிறகுதான் அதற்கு விஷயமே தெரியும். தெரிந்ததும் பவரை வெட்டும், முன்பக்கம் திடீரென்று விழும். வண்டியின் சாய்வையும் நிமிர்வையும் அளக்கும் ஆறு அச்சு சென்சார் உள்ள வண்டிகளில் இது மென்மையாக நடக்கும். அவற்றுக்கும் கூட மேட்டின் உச்சி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

கேள்வி: என் மகனுக்கு வயது 17. அப்பாவின் பெரிய பைக்கை எடுத்துப்போய் வீலிங் அடிக்கிறான், வீடியோ போடுகிறான். கண்டிப்பாகச் சொல்ல எனக்குச் சட்டம் தெரிய வேண்டும். (மதுரை)

பதில்: அம்மா, சட்டம் உங்கள் மகனைவிட முதலில் உங்கள் வீட்டுக்காரரைத்தான் பிடிக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வாகனத்தில் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயது ஆகும் வரை எல்எல்ஆர் கூடக் கிடைக்காது. எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டான் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோர் மீதே விழும். ஆகவே சாவியை இன்றே பூட்டி வையுங்கள்.

வயது வந்தவர் பொதுச்சாலையில் செய்தால் அபாயகரமாக ஓட்டியதற்கான 184-ஆம் பிரிவு பொருந்தும். முதல் முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் போகலாம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தாமலில், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பெரிய பைக்கில் வீலிங் முயன்று விழுந்தவரின் லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது. அவன் போடும் வீடியோ போலீசுக்கு அவனே தரும் சாட்சியம் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய வண்டியாக ஒரு 650 வாங்கினேன். முன் பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் பக்கம் 'டக்' என்று சத்தம். நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் மாட்டிக்கொண்டது போல் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் வீலிங் அடிப்பவர் என்று கேள்வி. (திருச்சி)

பதில்: கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் சட்டகத்தின் தலையில் உள்ள பேரிங்) போயிருக்க வாய்ப்பு அதிகம். முன்சக்கரம் தொப்பென்று விழும் ஒவ்வொரு முறையும் அந்த அடி முழுவதும் கோன் செட்டின் குண்டுகள் வழியாகத்தான் சட்டகத்துக்குப் போகிறது. இறங்கும்போது ஹேண்டில்பார் நேராக இருப்பதால், அடி எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறது. கிண்ணத்தில் அந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் உண்டாகும். நடுவில் மாட்டுவது அந்தக் குழிகளில் குண்டுகள் போய் உட்காருவதால்தான்.

சோதிக்க முன்சக்கரம் தரையை விட்டு நிற்க வேண்டும் (தூக்கும் முறை அடுத்த பதிலில்). ஃபோர்க்கின் அடிப்பகுதிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் கோன் செட் இருக்கும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் தளர்வு. பிறகு இரண்டு விரலால் ஹேண்டிலை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'கடக்' என்று ஒரு நிறுத்தம் தெரிந்தால் குழி விழுந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை.

வெறும் தளர்வு மட்டும் என்றால் சரிசெய்யலாம். மேல் பிளேட்டில் ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் நடு நட்டையும் தளர்த்துங்கள். கீழே உள்ள வளைய நட்டை சி-ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள், மீண்டும் சோதியுங்கள். ஆட்டம் போக வேண்டும். ஆனால் ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் தன் எடையிலேயே ஓரம் வரை போய் விழவும் வேண்டும். பாதியில் நின்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். கேபிளோ ஒயரோ இழுத்துக்கொண்டு நிற்கவில்லை என்பதையும் பாருங்கள், பலர் அங்கேதான் ஏமாறுவார்கள்.

மாற்றுவதென்றால் மேல், கீழ் இரண்டையும், கிண்ணங்களோடு சேர்த்து மாற்றுங்கள். பழைய கிண்ணத்தில் புதுக் குண்டு போட்டால் ஆயிரம் கி.மீ. கூட ஓடாது. கிண்ணம் முழுதாக உட்கார்ந்ததா என்பதை அடிக்கும் சத்தமே சொல்லும். மந்தமான ஒலி கணீரென்று மாறும் வரை சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். தண்ணீர் போகாத கிரீஸ் தாராளமாக வையுங்கள். 500 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை தளர்வு பார்க்க வேண்டும், புது பாகம் உட்கார்ந்து கொஞ்சம் இடம் விடும். அப்படியே ஃபோர்க் குழாய் வளைந்திருக்கிறதா, ரிம்மில் நெளிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். கார் ஜாக்கியை எஞ்சினுக்குக் கீழே வைத்துத் தூக்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: தூக்கலாம். எங்கே வைக்கிறீர்கள், எதைக்கொண்டு தாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆயில் ஃபில்டர், ஆயில் வடிக்கும் போல்ட், சைலன்சர் குழாய் மூன்றின் மேலும் ஜாக்கி படவே கூடாது. ஃபில்டர் நசுங்கினால் ஆயில் கசியும், வடிக்கும் போல்ட்டின் மேல் அழுத்தம் வந்தால் அலுமினிய மரை விரியும். கீழே சட்டகக் குழாய்கள் போகும் வண்டியில் அவற்றின் மேல் வையுங்கள். குழாய் இல்லையென்றால் எஞ்சினின் தட்டையான அடிப்பகுதியில், ஒரு அடி நீளம், அரை அடி அகலம், 20 மி.மீ. கனமுள்ள பலகையை வைத்து அதன் கீழ் ஜாக்கி. முனையில் எடை ஒரே புள்ளியில் விழக் கூடாது.

அடிக்கடி செய்பவர் என்றால் ஃபோர்க் டீயின் (இரண்டு ஃபோர்க் கால்களையும் சேர்க்கும் கீழ்ப் பிளேட்டின்) அடியில் உள்ள ஓட்டையில் முளை நுழைத்துத் தூக்கும் ஸ்டாண்ட் வாங்குங்கள். அதில் ஃபோர்க்கையே கழற்றலாம். ஃபோர்க்கின் அடியைத் தாங்கும் பேடாக் ஸ்டாண்டில் சக்கரத்தை மட்டும்தான் கழற்ற முடியும். எதுவானாலும் பின்பக்க ஸ்டாண்ட் முதலில், முன்பக்கம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் வண்டி பக்கவாட்டில் சாயும்.

வேலை நடக்கும் வரிசை இது. சமமான சிமெண்ட் தரை. சென்டர் ஸ்டாண்ட் அல்லது பின் பேடாக் ஸ்டாண்ட், அதன் கால்கள் பின்னால் நகராதபடி கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டையும் அதைப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு இறுகிய நட்டோடு மல்லுக்கட்டித்தான் வண்டிகள் ஜாக்கியிலிருந்து விழுகின்றன. பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே 2–3 செ.மீ. போதும். அடியில் இன்னொரு தாங்கு கட்டை வைத்துவிடுங்கள், ஜாக்கி இறங்கினாலும் வண்டி நிற்கும்.

பிரேக் கேலிப்பரைக் கழற்றி, கம்பியால் சட்டகத்தில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பேட்டுகளுக்கு நடுவே 5 மி.மீ. மரத்துண்டு ஒன்றைச் செருகுங்கள். யாராவது தெரியாமல் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். ஏபிஎஸ் சென்சாரும் அதன் பல்வளையமும் மோதாமல் சக்கரத்தை இறக்குங்கள். ஆக்சிலில் சக்கரத்தின் இரு பக்கமும் வரும் புஷ்கள் இடம் வலம் வேறு வேறு அளவில் இருக்கும், கழற்றிய உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது ஆக்சிலில் மெல்லிய கிரீஸ். டயரின் சுழற்சி அம்புக்குறி முன்னோக்கி இருக்கட்டும். ஆக்சில் நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். பிஞ்ச் போல்ட்டை இப்போது இறுக்க வேண்டாம். வண்டியை இறக்கி, கேலிப்பரை மாட்டி, லீவர் கெட்டியாகும் வரை அழுத்துங்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி எழவிடுங்கள். இரண்டு கால்களும் ஆக்சிலில் தமக்குரிய இடத்தில் நேராக உட்காரும். அதன் பிறகுதான் பிஞ்ச் போல்ட். 8 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 20 என்.எம். அளவே வரும், மேலே போனால் அலுமினிய மரை உரிந்துவிடும். இந்த ஒரு படியை விட்டுவிட்டு, புது ஆயில் சீல் ஏன் ஒழுகுகிறது, ஃபோர்க் ஏன் இறுக்கமாக இறங்குகிறது என்று கேட்டு எழுதுபவர்கள் நிறைய. கால்கள் கோணலாக இறுகி நிற்பதுதான் காரணம்.

கேள்வி: நாலு மாதம் வெளிநாடு போகிறேன். அதுவரை முன்சக்கரத்தைத் தூக்கியே நிறுத்தி வைக்க வேண்டுமா? (தஞ்சாவூர்)

பதில்: வேண்டியதில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு டயரிலும் வழக்கத்தைவிட 4–5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வைத்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருப்பவர் மாதம் ஒருமுறை முன்சக்கரத்தைக் கால் சுற்று திருப்பிவிட்டால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. ஜாக்கியில் நாலு மாதம் நிறுத்துவதுதான் ஆபத்து. ஹைட்ராலிக் ஜாக்கி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஒரு நாள் வண்டி சாய்ந்து கிடக்கும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள், டேங்கை நிரப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் காற்றைப் பழைய அளவுக்குக் குறைத்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.